எந்தக் காடு? யாருடைய காடு?

(கோவில்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காடு. "கோவில்பட்டியில் நின்றுகொண்டு காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, இங்கே ஏதய்யா காடு? குற்றாலத்துக்கோ களக்காட்டுக்கோ போய்ப் பேச வேண்டியதுதானே?" என்று உங்களில் சிலர் மனசுக்குள் சிரிப்பது தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். மலையடிவாரத்துக்காரர்களுக்குக் காடு என்றால் ஒரே காடுதான். அண்ணாந்து பார்த்தால் தெரியும். நமக்கோ ஐந்தாறு காடு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு, ஒரு வழக்கு உண்டு, ஒரு சண்டை உண்டு. ஆகவே காட்டைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை என்பது என் கட்சி.

நம் ஊர் சாமியின் பெயர் என்ன? பூவனநாதர். பெயரிலேயே வனம் இருக்கிறது. அம்மன் பெயர் என்ன? செண்பகவல்லி. ஊரை ஒட்டி இலுப்பையூரணி. கொஞ்சம் தள்ளி மந்தித்தோப்பு. கிழக்கே போனால் விளாத்திகுளம், தெற்கே போனால் கடம்பூர், கடற்கரைக்குப் போனால் வேம்பார். இலுப்பை, விளா, கடம்பு, வேம்பு என்று பெயரெல்லாம் மரமாக இருக்கிறது. வெயிலில் நடந்து பார்த்தால் மரம் எங்கே? அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

முதல் காடு, வெள்ளாமைக் காடு.

வெளியூர்க்காரர் ஒருவர் நம் கிராமத்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்கிறார். "இல்லையே, காட்டுக்குப் போயிருக்காக" என்று உள்ளிருந்து பதில் வருகிறது. வந்தவர் கொஞ்சம் பயந்துதான் போவார். நமக்குத் தெரியும், அண்ணாச்சி உளுந்தங்காட்டில் களை பார்த்துக்கொண்டிருக்கிறார். பருத்திக்காடு, கம்மங்காடு, மல்லிக்காடு, மிளகாய்க்காடு என்று நாம் உழுது விதைத்து அறுக்கும் இடமெல்லாம் நமக்குக் காடுதான். மரம் ஒன்றுகூட இல்லாத இடத்தைக் காடு என்று சொல்லும் துணிச்சல் நமக்கு எப்படி வந்தது?

அங்கே முன்பு காடு இருந்தது. நம் முன்னோர்கள்தான் அதைத் திருத்தினார்கள். காடு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலை இங்கே எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி ஓடிவந்த ஒரு கூட்டம், அடர்ந்து கிடந்த காட்டுக்குத் தீ வைத்து, எரிந்த நிலத்தைப் பண்படுத்தி, ஊர் கட்டி, கரிசல் சம்சாரிகளாக மாறிய கதை அது. நாவல்தானே என்று தள்ளிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையின் வேளாண் வரலாற்றை ஆராய்ந்து டேவிட் லட்டன் 1985-இல் ஒரு நூல் வெளியிட்டார். வடக்கேயிருந்து வந்த தெலுங்கு பேசும் குடிகள் ஆற்றுப் பாசன ஊர்களை விட்டு, இந்தக் கறுப்பு மண் பகுதியில் குடியேறிய வரலாற்றை அவரும் சொல்கிறார். ஆற்றங்கரையில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். கரிசல் மண்ணை எப்படி ஆளுவது என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. காடும் காலியாக இருந்தது.

காலியாக இருந்தது என்று நான் சொல்லிவிட்டேன். உண்மையிலேயே காலியாகவா இருந்தது? அங்கே ஆடு மேய்த்தவர் இல்லையா? வேட்டையாடியவர் இல்லையா? தேன் எடுத்தவர், கிழங்கு தோண்டியவர் இல்லையா? காட்டை அழித்து நாடாக்கினான், குளம் தோண்டி வளம் பெருக்கினான் என்று கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கிறது. இரண்டாயிரம் ஆண்டாக நாம் அந்த வேலையைப் புகழ்ந்துதான் வந்திருக்கிறோம். அதே தமிழில் திருவள்ளுவர் நாட்டுக்கு அரணாக எண்ணிய நான்கில் நிழல் உள்ள காட்டையும் ஒன்றாக வைத்தார். அழித்தால் புகழ், வைத்திருந்தால் அரண். இந்த இரண்டு குரலும் நம் மரபில் சேர்ந்தேதான் ஒலிக்கின்றன. முன்னோர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் திருத்தியிராவிட்டால் இந்த மண்டபமும் இல்லை, நீங்களும் இல்லை, நானும் இல்லை. ஆனால் ஒரு நிலத்தைக் காலி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்.

சரி, அடுத்த காட்டுக்கு வருவோம். இது அறிவியலாளரின் காடு.

இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் காட்டை அளக்கிறது. அதன் கணக்கு என்ன? நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. மேலிருந்து பார்த்தால் மரத்தின் தலைவிரிப்பு தரையில் 10 சதவீதத்தையாவது மூட வேண்டும். அவ்வளவு இருந்தால் காடு. நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. என்ன மரம் என்றும் கேட்பதில்லை. தென்னந்தோப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பத்துக்குக் கீழே போனால்? அது புதர். காட்டுக் கணக்கில் வராது, தனியே நிற்கும்.

இந்த அளவுகோலோடு கரிசலுக்கு வந்தால் என்ன ஆகும்? நம் மண்ணைப் பாருங்கள். மழை பெய்தால் உப்பி, காலைப் பிடித்து இழுக்கும். வெயில் அடித்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு இளம் செடிகளின் வேரை அறுத்துவிடும். மழையோ ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட இடத்தில் தேக்கும் ஈட்டியும் வளருமா? இங்கே வளர்வது முள். உடை, வெள்வேல், வன்னி, இலந்தை, விடத்தலை, சங்கஞ்செடி. சிறிய இலை, நீளமான முள், ஆழமான வேர். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மரங்கள் இவை.

இதில் உடைமரத்தைத் தனியே சொல்ல வேண்டும். குடை விரித்தாற்போல உச்சி தட்டையாக நிற்குமே, வெள்ளை வெளேரென்று நீள முள்ளோடு, அந்த மரம். கிடைக்காரர் தொரட்டியை மாட்டி உலுக்கினால் காய் உதிரும், ஆடுகள் ஓடிவந்து தின்னும். 1968-இல் இந்தியக் காடுகளை வகை பிரித்த சாம்பியனும் சேத்தும் இந்தக் குடைமுள் காட்டுக்குத் தனி வகையாகவே இடம் கொடுத்தார்கள். நாம் 'முள்ளுக்காடு, ஒன்றுக்கும் ஆகாது' என்று முகம் சுளிக்கும் இடத்துக்கு நாட்டின் காட்டியல் நூலில் ஒரு நாற்காலி இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் கேளுங்கள். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் வல்லநாடு இருக்கிறது. அங்கே சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பை 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி அதுதான். வெளிமான் எப்படிப்பட்ட பிராணி? எதிரியைத் தூரத்திலேயே கண்டு, ஓடியே உயிர் பிழைப்பது. அதற்குத் திறந்த வெளி வேண்டும், புல் வேண்டும், அங்கங்கே புதர் வேண்டும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து அங்கே நெருக்கமாக மரம் நட்டால், அதன் வீட்டை நாம் பூட்டிவிடுகிறோம். மரம் குறைந்த இடமும் ஓர் உயிருக்கு முழுமையான வீடாக இருக்கலாம்.

மூன்றாவது காடு, சட்டத்தின் காடு.

இங்கிலாந்தில் 1079 வாக்கில் வில்லியம் என்ற அரசன் வேட்டையாடுவதற்காக ஒரு பெரும் பரப்பைத் தன் காடு என்று ஒதுக்கிக்கொண்டான். 'புதுக்காடு' என்ற பெயரில் இன்றைக்கும் அது இருக்கிறது. அதில் ஒரு பெரிய பகுதி மரமில்லாத புதர்வெளி. அப்புறம் எப்படி அது காடு? அரசன் சொன்னான், அதனால் காடு. மான் ராஜாவுக்கு, மற்றவன் கை வைத்தால் தண்டனை.

நம் நாட்டுக்கும் அந்தச் சட்டக் கண் வந்து சேர்ந்தது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த ஆண்டு எது? 1882. அதே ஆண்டில்தான் சென்னை வனச் சட்டமும் பிறந்தது. ஒரு மலையை, ஒரு முள்வெளியைக் காப்புக்காடு என்று அரசு அறிவித்துவிட்டால், அனுமதி இல்லாமல் ஆடு மேய்ப்பதும் விறகு வெட்டுவதும் குற்றம். பாரதி வளர்ந்ததுபோல அந்தச் சட்டமும் வளர்ந்தது. இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே நாம் பார்க்கும் குருமலை அப்படியொரு காப்புக்காடு. அங்கே புள்ளிமான் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் அந்த மான் இறங்கி வரும். ஒரு காட்டிலிருந்து இறங்கி இன்னொரு காட்டுக்கு, அதாவது சம்சாரியின் பயறுக்காட்டுக்கு வரும். மானுக்கு இரண்டும் காடுதான். சட்டத்துக்கு ஒன்றுதான் காடு. நடுவில் நாலு வழிச்சாலை வேறு ஓடுகிறது.

காப்புக்காட்டுக்கு வெளியே கிடந்த நிலத்துக்கு வருவாய்த்துறை என்ன பெயர் வைத்தது? தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு. ஆடு மேய்த்து ஒரு குடும்பமே பிழைக்கும் இடம், பட்டாவில் இல்லை என்பதற்காகத் தரிசு. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி ஜமீன்களின் காடும் மேய்ச்சல் நிலமும் அரசின் கைக்கு வந்தன. கை மாறியது, தரிசு என்ற பெயர் மாறவில்லை.

1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் ஒரு பெரிய உத்தரவு போட்டது. காடு என்பதற்கு அகராதியில் என்ன பொருளோ, அந்தப் பொருளுக்கு உரியதெல்லாம் காடு, அது யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி என்றது. நல்ல நோக்கம், நல்ல பலனும் உண்டு. ஆனால் எந்த அகராதி? கரிசல் வட்டார வழக்குக்குக் கி.ரா. ஓர் அகராதி தொகுத்தாரே, அந்த மனிதரைப் போல ஒருவர் எழுந்து நின்று, "கனம் கோர்ட்டார் அவர்களே, எங்கள் ஊரில் பருத்தி வெடித்துக் கிடப்பதும் காடுதான்" என்று சொல்லியிருந்தால் நீதிபதிகள் திண்டாடிப் போயிருப்பார்கள்!

சிரித்தது போதும். இனி வருவது சங்கடமான காடு. நான்காவது காடு, வேலிக்காடு.

சீமைக்கருவேலம் என்று புத்தகத்தில் எழுதுகிறோம். நம் வாயில் அது வேலிக்கருவை, வேலிக்காத்தான். 1870-களில் வெள்ளைக்காரர்கள் விறகுப் பஞ்சம் தீர்க்க வறண்ட நிலங்களுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் இதைப் பரப்பினோம். ஆடும் மாடும் நெற்றைத் தின்று போகும் வழியெல்லாம் விதைத்தன. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கண்மாயில் நின்றது, ஓடையில் நின்றது, உழுவதற்கு ஆளில்லாத பிஞ்சையிலும் ஏறி நின்றது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பச்சை. இறங்கிப் பார்த்தால் அடியில் புல் இல்லை, உடை இல்லை, வன்னி இல்லை.

வெட்டி எறி என்று சொல்வது சுலபம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படித்தான் உத்தரவிட்டது. அதே ஆண்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வகுத்தது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் நம் மக்களுக்குச் சோறு போட்டது எது? கரிமூட்டம். கட்டையை வட்டமாக அடுக்கி, மேலே இலைதழை போட்டு, மண் பூசி மூடி, சிறு வழி மட்டும் விட்டு நெருப்பு வைத்து, நாள்கணக்கில் காவல் இருந்து, புகையின் நிறத்தைப் பார்த்தே பதம் அறிகிற கைத்தொழில் அது. காட்டில் வெள்ளாமை இல்லாதபோது வேலிக்காடு கூலி கொடுத்தது. அந்தக் கூலிக்குப் பதில் என்ன என்று சொல்லாமல் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குவது பாதித் தீர்வுதான்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகளிடம் பேசிப் பாருங்கள். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுது போடுகிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு முடிவெடுத்தது. அந்தப் பன்றி எங்கே குடியிருக்கிறது? கண்மாய்க்குள், வேலிக்காட்டுக்குள். சட்டத்தில் அது காடு இல்லை. பன்றிக்கு அதுதான் காடு. தூரத்தை எங்கிருந்து அளப்பது? ஒரு காட்டின் பொருளை வைத்துச் சட்டம் எழுதுகிறோம், இன்னொரு காட்டின் பொருளில் பிராணி வாழ்கிறது, மூன்றாவது காட்டில் சம்சாரி நஷ்டப்படுகிறார். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் யாருக்கு நியாயம் கிடைக்கும்?

ஐந்தாவதாக ஒரு காடு உண்டு. அளவைக்கும் சட்டத்துக்கும் எட்டாத காடு. பூமணியின் 'வெக்கை' நாவல் 1982-இல் வந்தது. ஒரு சிறுவனும் தகப்பனும் ஊரிலிருந்து தப்பி முள்ளுக்குள்ளும் மலைக்குள்ளும் ஒளிந்து திரிகிற கதை. அங்கே காடு ஒரு புகலிடம். ஊர் துரத்தினால் காடு வாங்கிக்கொள்ளும். அதே காட்டின் ஓரத்தில் ஐயனார் குதிரையோடு நிற்பார். அந்தச் சோலையில் ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டோம். சாமி கேட்கும் என்ற பயம். வனக்காவலர் இல்லாமலே காவல் நடக்கிறது. கடைசியில் நாம் எல்லாரும் போய்ச் சேரும் இடத்துக்கும் காடு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

நம் ஊர்த் தொழிலையும் விட்டுவிட முடியாது. சிவகாசியில் 1920-களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் கோவில்பட்டியில் வேரூன்றியது. மழை குறைந்த ஊர் என்பது அந்தத் தொழிலுக்கு வசதியாகப் போயிற்று. தீக்குச்சி எதில் செய்கிறார்கள்? மென்மரத்தில். அந்த மரம் கரிசலில் விளைகிறதா? கேரளத்திலிருந்து லாரி லாரியாக வந்தது. முன்பு பெட்டிகூட மரச்சீவலில்தான் செய்தார்கள். மரமில்லாத ஊர் மரத்தால் பிழைத்தது. நம் பெண்கள் அடுக்கிய ஒவ்வொரு குச்சியும் எங்கோ ஒரு மழைக்காட்டு நாட்டில் நின்ற மரம். கோவில்பட்டிக்குக் காடு இல்லை என்று யார் சொன்னது? நம் காடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவுதான்.

அன்பர்களே, இத்தனை காட்டையும் ஏன் வரிசையாக நிறுத்தினேன்?

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. வரவேற்கிறேன். கைதட்டுகிறேன். ஆனால் அந்தக் கன்றுகள் எங்கே போய் நிற்கும்? மேய்ச்சல் புறம்போக்கில் நட்டு வேலி போட்டால் கிடைக்காரர் எங்கே போவார்? திறந்த புல்வெளியில் நட்டால் அங்கே தரையில் கூடு கட்டும் பறவை எங்கே போகும்? கயத்தாற்றுப் பக்கம் காத்தாடிகள் சுழல்கின்றன, கரிசலில் சூரியத் தகடுகள் விரிகின்றன. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் நிலத்தைக் கேட்டு வருபவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்: "இது சும்மா கிடக்கிற காடுதானே." கோபல்ல கிராமத்துக்காரர் சொன்னதும் அதுதான். வெள்ளைக்காரன் எழுதியதும் அதுதான். இன்றைக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர் சொல்வதும் அதுதான். சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று கிடையாது. அங்கே யாராவது மேய்க்கிறார்கள், பொறுக்குகிறார்கள், ஒளிகிறார்கள், கும்பிடுகிறார்கள், புதைக்கிறார்கள்.

ஆகவே காடு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். எந்தக் காடு, யாருடைய காடு என்று கேட்போம். பொழியில் வேம்பும் பனையும் வேண்டுமா? நடுவோம். கண்மாய்க்குள் வேலி வேண்டாமா? கரிமூட்டக்காரரையும் உட்கார வைத்துப் பேசி, தூரோடு எடுப்போம். உடையும் வன்னியும் நிற்கிற முள்வெளியா? அதன்மேல் புங்கங்கன்று நட்டுப் புண்ணியம் தேட வேண்டாம். அது ஏற்கெனவே காடு.

இதை எங்கே பேசுவது? இந்த மண்டபத்தோடு முடிக்க வேண்டாம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரின் பதிவேடு எங்கே? அதில் உடைமரம் இருக்கிறதா? நம் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர்? அதில் இன்றைக்கு யார் மேய்க்கிறார், எத்தனை குடும்பம்? தரிசு என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நம் ஊரில் என்ன பெயர்? ஆடு மேய்க்கும் பெரியவரையும் விறகு பொறுக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பெயர் சொல்லட்டும், தலைவர் எழுதட்டும். ஆறு நாளில் ஒரு நாள் போதும். அந்தத் தீர்மானம் ஏறிவிட்டால், நாளைக்கு எவர் வந்து "இது சும்மா கிடக்கிற காடுதானே" என்று சொன்னாலும், ஊரே அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டலாம். செய்வீர்களா? செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.